மோர்ஓவர்காரர்

ஆபீசுக்கு ஒருவராவது இப்படி இருப்பார். வாயால் பேசும்போது நம்மைப் போன்ற சாதாரண மனிதர்தான். ஆங்கிலத்தில் மெயில் எழுத உட்கார்ந்தால் மட்டும் 'மோர்ஓவர்' இல்லாமல் இரண்டாவது வாக்கியம் பிறக்காது. மூன்றாவதற்கு 'ஃபர்தர்மோர்', நான்காவதற்கு 'தேர்ஃபோர்', கையெழுத்துக்கு முன்னால் 'லாஸ்ட் பட் நாட் த லீஸ்ட்'. மாடியில் ஏசி ஓடவில்லை என்று நிர்வாகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், அவ்வளவுதான் சேதி. அவர் மெயிலின் சாரம் இப்படிப் போகும்: ஏசி ஓடவில்லை, மோர்ஓவர், அறை சூடாக இருக்கிறது, ஃபர்தர்மோர், எல்லோருக்கும் வியர்க்கிறது, தேர்ஃபோர், ஏசி ஓடவில்லை என்பதைத் தங்கள் கனிவான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். பந்தியில் ஆள் கூடக்கூட மோரில் தண்ணீர் ஊற்றுவதுபோல ஒரு சேதி நான்கு வாக்கியத்துக்குப் பரிமாறப்பட்டுவிட்டது. சொல்லிலேயே மோர் இருப்பது தற்செயல்தான் என்று நம்புவோம்.

அவருக்கு ஆங்கிலம் வராது என்று சொல்லிக் கதையை முடித்துவிடலாம். அது நியாயமாகாது. உண்மையான ஆங்கிலத் தவறுகள் வேறு ரகம், அவற்றுக்குக் காரணமும் உண்டு. பள்ளிக்கூட லீவ் லெட்டரை நினைத்துப் பாருங்கள். 'அஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' என்று தொடங்கும் பையன், கமா போட்டதும் ஒரு 'ஸோ'வைச் செருகுவான். 'ஆல்தோ' என்று ஆரம்பித்தவன் நடுவில் ஒரு 'பட்' போடாமல் விடமாட்டான். தமிழில் 'காய்ச்சல் என்பதால்', 'மழை பெய்தாலும்' என்று இணைப்பு முதல் பகுதியின் கடைசியில், இரண்டு பகுதியும் கூடும் மூட்டில் உட்காருகிறது. ஆங்கிலத்தில் அதையே தூக்கி வாக்கியத்தின் தலையில் வைத்துவிடுகிறார்கள். மூட்டு காலியாகக் கிடப்பதைப் பார்த்துப் பழகாத தமிழ்க் காது, அங்கே ஏதாவது ஒன்றை வைத்துவிடுகிறது. சீனர்களும் இதே 'ஆல்தோ–பட்' தவறைச் செய்கிறார்கள். அவர்கள் மொழியில் இரண்டு சொல்லும் ஜோடியாகவே வருவது வழக்கம். தாய்மொழி இலக்கணத்தை நேர்மையாகப் பின்பற்றியதால் வந்த பிழை இது. பத்து நாள் பயிற்சியில் போய்விடும், இதில் சிரிக்க ஒன்றுமில்லை.

மோர்ஓவர்காரரின் வாக்கியத்திலோ இலக்கணப் பிழை இருக்காது. கமாகூடச் சரியான இடத்தில் இருக்கும். அவருடைய கோளாறு நம்பிக்கை சார்ந்தது. 'தேர்ஃபோர்' என்று எழுதிவிட்டால் முன்வரி காரணமாகவும் பின்வரி விளைவாகவும் ஆகிவிடும் என்று அவர் மனதார நம்புகிறார். 'ஹவ்எவர்' போட்டால் எதிர்க்கருத்து தானே வந்து நிற்கும் என்று காத்திருக்கிறார். இடைச்சொற்கள் பெயரையும் வினையையும் சார்ந்தே நடக்கும், தனித்து நடக்கும் இயல்பு அவற்றுக்கு இல்லை என்று தொல்காப்பியம் இடையியலில் சொல்லி வைத்திருக்கிறது. ஆங்கிலத்தின் இணைப்புச் சொற்களும் அப்படித்தான்: இரண்டு கருத்துக்கு நடுவே உறவு ஏற்கெனவே இருந்தால் அதைச் சுட்டிக்காட்டும், இல்லாத உறவை உண்டாக்கித் தராது. சந்தேகம் இருந்தால் அவர் மெயிலில் உள்ள இணைப்புச் சொற்களையெல்லாம் அடித்துவிட்டுப் படியுங்கள். பொருள் அப்படியே நின்றால் அவை தேவைப்படவில்லை. பொருள் கலைந்துபோனால், தொடக்கத்திலிருந்தே அங்கே பொருள் இருக்கவில்லை.

"ஐஈஎல்டிஎஸ் பரீட்சையில் இதற்குத்தானே மார்க்?" என்று அவர் கேட்பார். பாதி உண்மை. அந்த ஆங்கிலத் தேர்வின் எழுத்துப் பகுதியை நான்கு அளவுகோல்களால் மதிப்பிடுகிறார்கள். கருத்துத் தொடர்ச்சியும் இணைப்பும் அதில் ஒன்று. இதைக் கேள்விப்பட்டுத்தான் கோச்சிங் சென்டர்களில் இணைப்புச் சொற்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். 250 சொற்களுக்குக் குறையாமல் எழுத வேண்டிய கட்டுரையில் பட்டியல் முழுவதையும் இறக்கிவிடுகிறான் மாணவன். ஆனால் அதே தேர்வின் மதிப்பீட்டு விளக்கத்தில், இணைப்புகளை அளவுக்கு மீறிப் போடுவது 5ஆம் பேண்டின், அதாவது 5ஆம் மதிப்பெண் படியின், அடையாளங்களில் ஒன்றாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. உச்சமான 9ஆம் பேண்டுக்குச் சொல்லப்படும் தகுதி, இணைப்பு கண்ணில் படுவதே அபூர்வமாக இருக்க வேண்டும் என்பது. ஆக, மோர்ஓவர்காரர் எந்தப் பரீட்சையைச் சாட்சிக்கு அழைக்கிறாரோ, அதுவே அவருக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது.

இன்னொரு மறுப்பு கொஞ்சம் கனமானது. இரண்டாம் மொழியில் தட்டுத்தடுமாறி எழுதுபவரைக் கேலி செய்வது மேட்டிமைத்தனம் இல்லையா? தடுமாறுபவரைக் கேலி செய்தால் ஆமாம். நம்மவர் தடுமாறவில்லை, மிடுக்காக நடக்கிறார். இதே நடையை ஆங்கிலம் தாய்மொழியான கல்லூரி மாணவர்களிடமும் பார்க்கலாம். பக்கம் நிரப்பும் பதற்றத்துக்குத் தாய்மொழி ஏது? ஒப்பந்தப் பத்திரத்திலும் தீர்ப்புரையிலும் ஆய்வுக் கட்டுரையிலும் 'ஹவ்எவர்' இல்லாமல் முடியாது என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அங்கே ஒரு விதிவிலக்கைத் தவறவிட்டால் வழக்கே திசைமாறிவிடும். ஏசி புகாருக்கு அப்படி எந்த ஆபத்தும் இல்லை.

அவரைத் திருத்தும் வேலையை எடுத்துக்கொள்ளாதீர்கள். திருத்தினால் 'நெவர்தலெஸ்' என்று பதில் வரும். மெயில் வந்தால் முதல் வரியைப் படித்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.