போடாத கடிதத்தின் பயன்

பிரிட்டனில் அரசு ஓய்வூதியம் ஆண்களுக்கு 65 வயதிலும் பெண்களுக்கு 60 வயதிலும் கிடைத்துவந்தது. இந்த ஏற்றத்தாழ்வைச் சகிக்காத நாடாளுமன்றம் 1995இல் பெண்களை ஆண்களுக்குச் சமமாக்கச் சட்டம் போட்டது. சம்பளத்தில் அல்ல, வயதில். வேகம் போதவில்லை என்று 2011இல் இன்னொரு சட்டம். 2020இல் இருபாலருக்கும் 66.

1950களில் பிறந்த பெண்களுக்கு இதைக் கடிதத்தில் தெரிவிக்கத்தான் 28 மாதம் தாமதமாகிவிட்டது. தலைக்கு 1,000 முதல் 2,950 பவுண்டு வரை இழப்பீடு தரலாம் என்றது 2024 மார்ச்சில் வந்த குறைதீர்ப்பாளர் அறிக்கை. டிசம்பரில் அரசு பெருந்தன்மையாக மன்னிப்பு மட்டும் கேட்டது. மன்னிப்புக்குச் செலவில்லை, இழப்பீட்டுக்கு 1,050 கோடி பவுண்டு வரை ஆகும்.

அரசின் வாதம் அப்பழுக்கற்றது. பத்தில் ஒன்பது பெண்களுக்கு விஷயம் முன்பே தெரியும். கேட்காமல் வரும் கடிதத்தைப் படித்ததாக நினைவில் வைத்திருப்பவர் நாலில் ஒருவர்தான். ஆகவே தெரிந்தவருக்குக் கடிதம் வேண்டாம், தெரியாதவர் படிக்கமாட்டார். இதே நெறியில் வரி நோட்டீஸையும் நிறுத்திவிட்டு, நேரடியாக அபராதத்துக்கே போய்விடலாம். தபால்தலையாவது மிஞ்சும்.

இந்த ஆட்சியாளர்கள் எதிர்க்கட்சியில் இருந்தபோது அதே பெண்களோடு ஆதரவாக நின்று படம் எடுத்துக்கொண்டவர்கள். அந்தப் படங்களை யாரும் கேட்டு வாங்கவில்லை. ஆனாலும் நாலுக்கு நாலு பேரும் நினைவில் வைத்திருக்கிறார்கள்.