மாற்று மருந்தும் பஸ் சீட்டும்

பெயர் வேண்டாம், பெர்ன், சுவிட்சர்லாந்து
*ஹெராயினை விட்ட தம்பி ஆறு வருடமாக மெத்தடோன் குடிக்கிறான். புப்ரெனார்ஃபினுக்கு மாற வேண்டுமாம். இன்று அதை நிறுத்தி நாளை இதைப் போட்டால் ஆகாதா?*

ஆகும். உங்கள் வீட்டுக் குளியலறை நாள் முழுக்க அவருக்கே ஆகும். மூளையில் ஓபியம் வகையறா உட்கார இருக்கைகள் உண்டு. புப்ரெனார்ஃபின் துண்டு போட்டு இடம்பிடிக்கும் ரகமல்ல. உட்கார்ந்திருக்கும் மெத்தடோனைக் கையைப் பிடித்துக் கிளப்பிவிட்டு உட்காரும். உட்கார்ந்தபின் செய்வதோ அரை வேலை. விளைவு: வாந்தி, பேதி, நடுக்கம், அதுவும் திடீரென்று. ஆகவே மெத்தடோனை 30 மில்லிகிராமுக்குப் படிப்படியாக இறக்கி, கடைசி வேளைக்குப்பின் 24 முதல் 72 மணி நேரம் காத்திருந்து, விலகல் அறிகுறிகள் நன்றாகத் தெரிந்ததும் முதல் மாத்திரை தருவது வழக்கம்.

அவரே மறுபடி
*அவன் எப்போதுமே 'தவிக்கிறேன்' என்பவனாயிற்றே?*

வாய் சொல்லட்டும், கண்ணைப் பாருங்கள். விரிந்த கண்பாப்பாவும் கையில் சிலிர்த்த மயிரும் நடிக்காது. இதற்கு டாக்டர்களிடம் 11 அம்ச மதிப்பெண் பட்டியலே இருக்கிறது, பெயர் 'கௌஸ்' (COWS). பாலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இன்னொன்று: காத்திருக்கும் வேதனையே ஆளைத் தெருவுக்குத் துரத்திவிடும். அதற்கு வழி சொன்னது உங்கள் ஊர்தான். 2016இல் வெளியான 'பெர்ன் முறை'யில் பழையதை நிறுத்தாமலே புப்ரெனார்ஃபினை 0.2 மில்லிகிராம் போலத் துளித்துளியாக ஏற்றி, போதுமான அளவு வந்ததும் பழையதை விடுகிறார்கள். பிளேடால் மாத்திரை நறுக்கி வீட்டில் செய்து பார்க்காதீர்கள்.

ஒரு வாசகர், சென்னை
*புப்ரெனார்ஃபினிலிருந்து நால்ட்ரெக்சோனுக்கு நேராகத் தாவலாமா?*

ஒன்று முதல் இரண்டு வாரம் இடைவெளி வேண்டும். நால்ட்ரெக்சோன் தானும் வேலை செய்யாது, அடுத்தவரையும் உட்காரவிடாது. அதை நிறுத்தியவர் பழைய அளவு ஹெராயினைத் தொட்டால் உடம்பு தாங்காது, மூச்சே நின்றுவிடலாம்.

ஒரு வாசகி, டொரண்டோ
*புப்ரெனார்ஃபின் ஒத்துக்கொள்ளாமல் கணவர் மெத்தடோனுக்குத் திரும்புகிறார். நான் என்ன கவனிக்க வேண்டும்?*

இந்தத் திசையில் காத்திருப்பு வேண்டாம், மறுநாளே தொடங்கலாம். ஆபத்து பிறகுதான். மெத்தடோன் உடம்பில் மெல்லச் சேரும். முதல் நாள் சாதுவாக இருந்த அதே அளவு நாலாம் நாள் மூச்சை அமுக்கலாம். 'முன்பு 90 குடித்தேனே' என்று அங்கிருந்தே ஆரம்பிக்கவிடாதீர்கள். மது, தூக்க மாத்திரை கூடவே கூடாது. ஓபியம் வகையறா அளவு மீறினால் முறிக்கும் நலோக்சோன் ஒன்டாரியோ மருந்தகங்களில் இலவசம். வாங்கி வையுங்கள், எந்த அலமாரி என்பதையும் நினைவில் வையுங்கள். மூச்சு மந்தமானால் 911ஐ அழைத்துவிட்டு நலோக்சோனை மூக்கில் தெளியுங்கள். விழித்துவிட்டாரே என்று ஆம்புலன்ஸைத் திருப்பி அனுப்பாதீர்கள். நலோக்சோன் சீக்கிரம் இறங்கிவிடும். மெத்தடோன் அடுத்த ஸ்டாப்பிலும் ஏறிக்கொள்ளத் தயாராக நிற்கும்.