பழசு மாதிரி ஒரு புதுசு

(திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டிய சந்தில் ஒரு பட்டறை. 'பாய்' என்றால் அந்த வட்டாரத்துக்கே தெரியும். வயது அறுபதைத் தாண்டியவர், புல்லட்டைத் தவிர வேறு வண்டியில் ஸ்பேனர் வைக்காதவர். எதிரே நிற்பவர் மென்பொருள் துறைத் தம்பி. நேற்று எடுத்த கிளாசிக் 350, மாலைகூட இன்னும் வாடவில்லை. ஹெல்மெட்டில் கேமரா.)

தம்பி: பாய், ரெக்கார்டிங் ஓடுது. வண்டியைப் பார்த்ததும் முதல்ல என்ன தோணுது? மனசுல இருந்து சொல்லுங்க.

பாய்: கேமராவைக் கொஞ்சம் மேல தூக்கு, லுங்கியெல்லாம் கிரீஸ். ம்ம்... மணல் கலரு. அது என்ன, டேங்க்ல நம்பரு? ஆர்டிஓ அங்கேயும் எழுதச் சொல்லிட்டானா?

தம்பி: சிக்னல்ஸ் எடிஷன் பாய். ராணுவத்துக்கு மரியாதை செய்யற மாடல். ஒவ்வொரு வண்டிக்கும் தனி நம்பர்.

பாய்: அப்படியா! போஸ்டிங் எங்க?

தம்பி: சோழிங்கநல்லூர்.

பாய்: கஷ்டமான எல்லைதான். காலை ஒன்பது மணிக்கு துரைப்பாக்கம் தாண்டுறவனுக்கு மெடலே குத்தலாம்.

தம்பி: கிண்டல் வேணாம் பாய். இந்த வண்டியோட ரத்தத்துலயே வரலாறு ஓடுது.

பாய்: ஓடுதுதான், யாரு இல்லைன்னா? பட்டாளத்துக்கு வண்டி வேணும்னு கேட்டாங்க, அதனாலதான் புல்லட்டே இங்க வந்துச்சு. 1955-ல மெட்ராஸ் மோட்டார்ஸ்காரங்க இங்கிலாந்து கம்பெனியோட கூட்டு சேர்ந்து, இதே திருவொற்றியூர்ல பூட்ட ஆரம்பிச்சாங்க. அப்புறம் அங்க ரெட்டிச்சுல கடையைச் சாத்திட்டான். இங்க நிக்கவே இல்ல. சரி, ஸ்டார்ட் பண்ணு பார்ப்போம்.

(தம்பி பொத்தானை அமுக்குகிறார். கிளம்பிவிட்டது.)

பாய்: அவ்வளவுதானா?

தம்பி: அவ்வளவுதான் பாய். அதுதான் எனக்கும் சப்புன்னு ஆயிடுச்சு. கிக்கரே இல்ல.

பாய்: பழைய வண்டிக்கு ஒரு முறை இருக்கு. டீகம்ப்ரஸரை அமுக்கிட்டு கிக்கரை மெதுவா மிதிப்போம். ஹெட்லைட்டுக்கு மேல ஆம்ப் மீட்டர் இருக்கும். அதுல முள்ளு ஆடி ஆடி நடுவுக்கு வரும். அங்கேயே நிறுத்தி, டீகம்ப்ரஸரை விட்டுட்டு, கிக்கரை மறுபடி மேல கொண்டு வந்து, பிஸ்மில்லான்னு சொல்லி ஒரே மிதி.

தம்பி: (குரல் தழுதழுக்க) மனுஷனுக்கும் மெஷினுக்கும் நடுவுல எவ்வளவு பெரிய உறவு! மிதி தப்பினா?

பாய்: கிக்கர் திருப்பி அடிக்கும். (லுங்கியைச் சற்றே தூக்கி, கெண்டைக்காலைக் காட்டி) இது 86 மாடல்.

தம்பி: இருங்க, ஜூம் பண்றேன். இதுதான் பாய் பாரம்பரியம்!

பாய்: இது ஏழு தையல்.

தம்பி: இன்னொரு குறை. 80-ல போறேன், கைப்பிடி அதிரவே இல்ல. கண்ணாடியில பின்னால வர்ற லாரியோட நம்பர் பிளேட்டைப் படிக்க முடியுது. புல்லட் ஓட்டுற உணர்வே வரல.

பாய்: பழைய வண்டியில கண்ணாடி தலை சீவத்தான் ஆகும், அதுவும் வண்டி நிக்கும்போது. இதுல உள்ள பேலன்ஸர் ஷாஃப்ட் போட்டிருக்கான். பிஸ்டன் மேலயும் கீழயும் குதிக்கிற குதிக்கு எதிரா ஒரு எடை சுத்தி ஆட்டத்தை அடக்கிடும்.

தம்பி: அதைக் கழட்ட முடியுமா?

பாய்: (ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு) என் சர்வீஸ்ல ஆயிரம் பேரு வந்து "பாய், அதிருது, ஏதாவது பண்ணு"ன்னு அழுதிருக்கான். "அதிரல, ஏதாவது பண்ணு"ன்னு வந்தவன் நீதான் தம்பி.

தம்பி: உங்களுக்குப் புரியாது பாய். எங்களுக்கு வேண்டியது ஆன்மா.

பாய்: பாயின்ட் பார்த்திருக்கேன், புஷ் ராடு பார்த்திருக்கேன். எத்தனையோ இஞ்சினைப் பிரிச்சிருக்கேன், ஆன்மாவை மட்டும் பார்த்ததில்ல. இருந்திருந்தா அதையும் கழுவி மாட்டியிருப்பேன். சரி, பவர் எவ்வளவு சொன்னான்?

தம்பி: 349 சிசி, 20.2 குதிரை. இதுக்கு முந்தின இஞ்சின் 346 சிசி, 19.8.

பாய்: அரைக் குதிரைகூட ஏறல. அதையும் சொல்லிடு வீடியோவுல.

(சொல்லமாட்டார். 'டார்க் அருவி மாதிரி கொட்டுது' என்று ஏற்கெனவே பேசி முடித்துவிட்டார். அருவிக்கு அளவு 27 நியூட்டன் மீட்டர்.)

தம்பி: நீங்க பொறாமையில பேசறீங்க. உலகம் பூரா இதுதான் பாய் நடக்குது. இங்கிலாந்துல ட்ரயம்ப் கம்பெனி போன்வில் வண்டியில இன்ஜெக்‌ஷன் போட்டுட்டு, வெளிய பார்க்க கார்ப்புரேட்டர் மாதிரியே வேஷம் கட்டினான். ஜாவா 2018-ல திரும்பி வந்துச்சே, அதுக்கு ஒரே சிலிண்டர், ரெண்டு சைலன்ஸர்.

பாய்: பழைய ஜாவாவுக்கும் அப்படித்தான். ஆனா அது டூ ஸ்ட்ரோக், பின்னால வர்றவனுக்குக் கண்ணு தெரியாது. புதுசுல அந்தப் புகையைக் காணோமே? ரேடியேட்டர்ல தண்ணி ஓடுது. பழசுல எது போட்டோவுக்கு நல்லா இருக்கோ அதை மட்டும் எடுத்துக்கிட்டீங்க. எங்க காலத்துல டாரஸ்னு டீசல் புல்லட் ஒண்ணு இருந்துச்சு. 325 சிசி, ஆறரைக் குதிரை. மேடு வந்தா பின்னால உட்கார்ந்தவனை இறக்கி விட்டுட்டு ஏறணும். அதுவும் பாரம்பரியம்தான். அதை ஏன் ஒருத்தனும் ரெட்ரோ பண்ணல?

தம்பி: ...அதுக்கு மார்க்கெட் இருக்காது பாய்.

பாய்: ஆங்!

தம்பி: சரி, நேரா கேக்கறேன். இவ்வளவு பழசு பேசறீங்களே, தினம் பட்டறைக்கு எதுல வர்றீங்க?

பாய்: எக்ஸ்எல்.

தம்பி: புல்லட் மெக்கானிக்கு டிவிஎஸ் எக்ஸ்எல்லா?

பாய்: காலையில எட்டு மணிக்குக் கடையைத் திறக்க வேணாமா?

(இருவரும் சிரிக்கிறார்கள். பாயின் சிரிப்பு சீக்கிரம் அடங்கிவிடுகிறது. வாரம் ஒரு முறை ஆயில் ஒழுகிக்கொண்டு வந்த வண்டிகள்தான் அவருக்குச் சோறு போட்டன. பழைய வண்டியைப் பற்றி அவர் காட்டும் பக்தியில் பாதி, கல்லாப்பெட்டியின் பக்தி.)

தம்பி: கடைசியா ஒண்ணு பாய். கம்பெனி சைலன்ஸரைக் கழட்டிட்டு, நல்லா 'டப் டப்'னு கேக்கிற மாதிரி ஒண்ணு மாட்டிவிடுங்க.

பாய்: மாட்டினா மூணு பேரு வருவான். தெருவுல தூங்குற கைக்குழந்தையோட அப்பன், டிராஃபிக் போலீஸ், வாரன்டி கிடையாதுன்னு சொல்ற ஷோரூம்காரன். மூணு பேருக்கும் நீ ஆன்மாவைப் பத்திச் சொல்லிப் புரியவைப்பியா?

தம்பி: அப்போ வண்டியைப் பத்தி உங்க முடிவுதான் என்ன?

பாய்: கேமராவை அணை, சொல்றேன். (தம்பி அணைக்கிறார்.) ரெண்டு சக்கரத்துக்கும் டிஸ்க், ஏபிஎஸ். திடீர்னு பிரேக் பிடிச்சா நேரா நிக்குது. ஆயில் ஒழுகல, கால் உடையல. நான் ரிப்பேர் பார்த்த எல்லா புல்லட்டையும்விட இது நல்ல வண்டி. 500 கிலோமீட்டர் வரைக்கும் முறுக்காத. முதல் சர்வீஸுக்கு இங்க வராத, ஷோரூம்லயே விடு. அங்க கூலி கிடையாது.