எஞ்சின் ரசிகர்

ரசிகமணி டி.கே.சி. அவர்கள் தம் பிற்காலத்தில் குற்றாலத்துக்கே வந்து வாசம் செய்து, கம்பனுடைய பாட்டு ஒன்றை ஒரு பொழுது முழுவதும் வைத்து அனுபவிக்கலாம் என்று வருவோர்க்கெல்லாம் காட்டிக்கொடுத்த பிறகு, இந்தப் பக்கத்தில் ரசனை என்பது ஒரு ஸ்தல விசேஷமாகவே நிலைத்துவிட்டது. ஐந்தருவியில் எந்தக் கிளையில் விசை அதிகம் என்று ஆராய்ந்து தலையை நீட்டுகிறவரும், தென்காசிக் கோபுர வாசலில் அடிக்கிற காற்றுக்காகவே விசுவநாதரைத் தரிசிக்கப் புறப்படுகிறவரும், பிரானூர்ப் பரோட்டாவைப் பற்றி அரை மணி நேரம் உபந்நியாசம் செய்யத் தக்கவரும் அந்தப் பரம்பரையில் வந்தவர்களே. அதில், ரசிகமணி கனவிலும் எதிர்பார்த்திருக்க நியாயமில்லாத ஒரு கிளையில் தோன்றியவர்தாம் டீசல் எஞ்சின் ரசிகர்.

தென்காசி, இலஞ்சி, செங்கோட்டை, கடையநல்லூர் என்று எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும் இப்படி ஒருவராவது இருப்பார். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவராக இருக்கலாம். ஒரு காலத்தில் வாடகைக் கார் விட்டு, இப்போது மகனிடம் சாவியைக் கொடுத்துவிட்டு ஆலோசனையை மட்டும் தம்மிடமே வைத்துக்கொண்டவராகவும் இருக்கலாம். காலையில் டாக்சி ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள டீக்கடைப் பெஞ்சில், சாலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் உட்காருவார். கண்ணால் பார்த்து வண்டியின் பெயரைச் சொல்வது பள்ளிக்கூடத்துப் பையனுக்கும் கைவந்த காரியம். காதால் கேட்டுச் சொல்வதல்லவா வித்தை! வித்துவான் வாயைத் திறப்பதற்கு முன்பே தம்பூரா சுருதி சேரவில்லையென்று முகத்தைச் சுளிக்கும் பழைய சபா ரசிகரைப் போல, பின்னால் ஒரு வண்டி வந்து நின்றதும் இவர் டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டு, "ஸ்விஃப்ட்டு. ஒரு நாசில் ஒழுகுது. ஓட்டுத பய கிளட்ச்சுல கால வச்சிக்கிட்டே வாரான்" என்று தீர்ப்புச் சொல்லுவார். திரும்பிப் பார்த்தால் ஸ்விஃப்ட்டாகத்தான் இருக்கும். நாசில் விஷயத்தை மெக்கானிக்கைத்தான் கேட்க வேண்டும்.

இவருடைய ஞானத்துக்கு மூலம் அம்பாசடர். 1489 சி.சி. கொள்ளளவுள்ள அந்தப் பழைய டீசல் எஞ்சினில், சாவியை ஒரு திருகு திருகி, ஹீட்டர் பிளக்குகள் சூடேறும் வரையில் பொறுமையோடு காத்திருந்து, பிறகுதான் கிளப்ப வேண்டும். மார்கழிக் காலையில் அந்த இடைவெளியில் விபூதி பூசி ஒரு ஸ்லோகமும் சொல்லி முடித்துவிடலாம் என்பார். டீசலில் தீப்பொறிக்கு வேலையில்லை என்பதையும், காற்றை நெருக்கு நெருக்கென்று நெருக்கி அதில் பிறக்கிற உஷ்ணத்தினாலேயே எண்ணெய் பற்றிக்கொள்கிறது என்பதையும், அந்தப் பற்றுதலின் அடிதான் கடகட சப்தமாக வெளிவருகிறது என்பதையும் நமக்கு விளக்காமல் விடமாட்டார். ருடால்ஃப் டீசல் 1897-ல் ஆக்ஸ்பர்க்கில் தம் எஞ்சினை ஓட்டிக் காட்டியதும், 1900-ல் பாரிஸ் பொருட்காட்சியில் அத்தகைய எஞ்சின் ஒன்று கடலை எண்ணெயில் ஓடியதும் அவருக்கு மனப்பாடம். "நாம வடை சுடுதோம், அவன் எஞ்சின் ஓட்டுனான் பாத்தீயளா" என்று அவர் பெருமூச்சு விடும்போது, கடைக்காரர் எண்ணெய்ச் சட்டியைச் சற்றே நகர்த்தி வைப்பது வழக்கம்.

எஞ்சின்களுக்கு அவர் வைத்திருக்கும் பரீட்சை மண்டபம் செங்கோட்டைக்கு அப்பால் உள்ள புளியரை எஸ் வளைவு. கேரளத்துக்குப் பாரம் ஏற்றிப் போகும் லாரிகள் மூச்சுத் திணறி ஊர்ந்து ஏறும் அந்த வளைவில், முன்னால் போகிற லாரிக்குப் பின்னே வேகம் முற்றும் இறங்கிய நிலையிலிருந்து எந்த எஞ்சின் கியர் கேட்காமல் இழுத்துக்கொண்டு மேலே போகிறதோ அதுவே எஞ்சின், மற்றவையெல்லாம் விளம்பரம். 1998-ல் வந்த இண்டிகாவின் 1405 சி.சி. எஞ்சினுக்கு டர்போ கிடையாது. ஆகையால் அது எந்த இடத்திலும் திடுக்கிடச் செய்யாமல், கேட்ட அளவுக்குக் கொடுத்துக்கொண்டு, தன் பாட்டுக்கு ஏறும். "சம்சாரி எஞ்சின்" என்பது அதற்கு அவர் சூட்டிய பட்டம். இன்னோவாவின் 2494 சி.சி. எஞ்சினுக்கோ எட்டுப் பேரும் அவர்களுடைய சபரிமலை இருமுடிகளும் ஒரு பொருட்டல்ல. மூன்றாம் கியரில் போட்டுவிட்டால் கோட்டைவாசல் வரையில் கையை மடியில் வைத்துக்கொள்ளலாம். ஓரகடத்தில் தயாரான டஸ்டரின் 1461 சி.சி. எஞ்சினில் 85 குதிரை, 110 குதிரை என்று இரண்டு தினுசு உண்டல்லவா? நாமெல்லாம் கூடுதலாக உள்ளதே மேல் என்று நினைப்போம். அவர் அப்படி நினைக்கமாட்டார். 85 தான் கீழ் வேகத்தில் இணக்கமாக இழுக்கும். 110 டர்போ விழிக்கும் வரையில் சும்மா இருந்துவிட்டு, விழித்தபின் ஆளைச் சீட்டோடு சேர்த்து அழுத்தும் என்பது அவர் சித்தாந்தம்.

ஆனால் அவருடைய உள்ளத்தை முழுதும் கொள்ளைகொண்டது ஃபியட்டின் 1248 சி.சி. மல்டிஜெட். ஸ்விஃப்ட், டிசையர், விஸ்டா, லீனியா, எர்டிகா என்று கம்பெனி பேதமில்லாமல் பல வண்டிகளின் மூடிக்குள்ளும் ஒரு காலத்தில் இருந்து அரசாண்ட அந்த எஞ்சின், நிமிஷத்துக்கு இரண்டாயிரம் சுற்றை நெருங்கும் வரையில் உறங்கும். பிறகு திடீரென்று எழுந்து ஓடும். எஸ் வளைவில் அது உறங்கும் அந்தச் சில விநாடிகளில், பின்னால் வரும் பஸ் ஹாரன் அடிக்க, டிரைவர் வேர்க்க, நம் ரசிகர் மட்டும் கையை உயர்த்தி, "பொறுங்க மருமகனே, பொறுங்க... இந்தா, வந்துட்டுல்லா!" என்று பரவசமடைவார். இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வருகிற 1493 சி.சி. கிரெட்டாவில் ஒருமுறை அதே வளைவை ஏறியவர், உறக்கமும் இல்லை, உதறலும் இல்லை, எல்லாம் வழவழவென்று நடந்தேறியதைக் கண்டு, "நல்ல எஞ்சின்தான், பேசதுக்குத்தான் ஒண்ணுமில்ல" என்று முடித்துவிட்டார். எனக்கு அவரைப் புரிந்தது அந்த வாக்கியத்தில்தான். குறைதான் அவருடைய ஜீவனாம்சம். குற்றமற்ற எஞ்சினில் ஏறினால் ஆரியங்காவு வரும் வரையில் மனிதர் என்னத்தைச் சொல்லிக்கொண்டு போவது?

வீட்டில் உள்ளவர்கள் படும் பாடு தனி. உறவில் ஒரு பெண்ணைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் பாவூர்சத்திரத்திலிருந்து காரில் வந்து இறங்கி, கேசரி சாப்பிட்டு, திருப்தியோடு திரும்பிப் போனார்கள். பெண்ணின் தகப்பனார் ஆவலோடு, "அத்தான், பையன் எப்படி?" என்று கேட்டார். நம்மவர் வாசலில் நின்று, மறைந்துபோகும் வண்டியின் ஓசை அடங்கும் வரையில் செவிமடுத்துவிட்டு, "பையன் லட்சணமாத்தான் இருக்கான் மாப்ள. ஆனா டர்போ விசிலடிக்குது, ஏர் பைப்புல எங்கயோ வெடிப்பு. வண்டியவே கவனிக்காதவன் பொண்ணக் கவனிப்பானா?" என்றார். சம்பந்தம் நின்றதற்கு வேறு காரணங்களும் இருந்தன என்று அந்தக் குடும்பத்தில் இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறார்கள்.

காலம் அவருக்கு அனுகூலமாக இல்லை. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாட்டைச் சர்க்கார் நீக்கியபோதே பெட்ரோல் கட்சிக்காரர்கள் அவரைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார்கள். அதே வருஷம் உத்தர்பாராத் தொழிற்சாலையில் அம்பாசடர் உற்பத்தி நின்றது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதிகள் வந்ததும், புகையைச் சுத்தி செய்யும் உபகரணங்களின் செலவு சின்ன வண்டிகளுக்குக் கட்டாது என்று மாருதி டீசலையே கைவிட, மல்டிஜெட்டும் அதோடு போயிற்று. போன சாரல் காலத்தில் மின்சாரக் கார் ஒன்று டீக்கடை வாசலில் வந்து நின்று, ஆட்களை இறக்கி, ஓசைப்படாமல் போயும்விட்டது. பெஞ்சில் இருந்தவருக்கு அது தெரியாது. சொன்ன பிறகு, முதன்முறையாகச் சாலையின் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

ஆனாலும் பழைய டீசல் வண்டி வாங்க விரும்புகிறவர்களுக்கு இவரைப் போன்ற பரீட்சகர் அகப்படமாட்டார் என்பதால், எனக்குத் தெரிந்ததைச் சொல்லி வைக்கிறேன். கூலி வாங்கமாட்டார், ஒரு டீ போதும். ஏ.சி. போடக்கூடாது, பாட்டுப் போடக்கூடாது, சாரல் உள்ளே அடித்தாலும் கண்ணாடியை ஏற்றக்கூடாது. அருவிக் குளியலெல்லாம் எஸ் வளைவை ஏறி இறங்கிய பிறகுதான். சனி, ஞாயிறில் கூட்டம் தாங்காது. வார நாளில் விடியுமுன் அவர் வீட்டு வாசலில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துங்கள். ஹாரன் அடித்து எழுப்ப வேண்டியதில்லை. எஞ்சினை அணைக்காமல் இருந்தால் போதும், சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வரும்போதே விலையில் எவ்வளவு குறைக்கலாம் என்று சொல்லிக்கொண்டு வருவார்.