இஞ்சின் உபாசகர்

மயிலாப்பூரில் எனக்குப் பரிச்சயமான ஒரு பெரியவர், பத்திரிகை அடித்து ஊரை அழைக்காத குறையாக, தம்முடைய பழைய ஃபியட் 1100 காரின் இஞ்சினுக்கு மூன்றாவது முறையாக ஜீர்ணோத்தாரணம் செய்து முடித்திருக்கிறார். இந்த ரகத்து மனிதர்கள் சொற்பமே என்றாலும், தெருவுக்கு ஒருவர் இருந்தாலே தெரு முழுவதும் பெட்ரோல் பரிமளம் கமழ்ந்துவிடுவதால், அவர்களை அலட்சியம் செய்ய இயலாது.

வியாதி அவரைப் பற்றிக்கொண்ட இடம் சோழவரம். யுத்த காலத்து விமான ஓடுதளமாகிய அங்கே நடந்த கார்ப் பந்தயங்களை வெயிலில் நின்று பார்த்த பையன், பிறகு உத்தியோகம், விவாகம், பேரன் பேத்தி என்ற சம்பிரதாயங்களையெல்லாம் ஒழுங்காக நிறைவேற்றிவிட்டு, பென்ஷன் கைக்கு வந்த மறுமாதமே ஸ்பானரைக் கையில் எடுத்துவிட்டான்.

அந்த இஞ்சினின் சிலிண்டர் விட்டம் 68 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 75. நான்கும் சேர்ந்து 1089 சி.சி.; பிறவியிலே வாய்த்த பலம் சுமார் 40 குதிரை. பட்டறையில் போரிங் போட்டு விட்டத்தை ஒரு மில்லிமீட்டர் பெருக்கினால், மொத்தத்தில் 32 சி.சி. கூடும், அதாவது, குழந்தைக்கு விளக்கெண்ணெய் புகட்டுகிற பாலாடை ஒன்று நிறையும். இந்த ஒரு பாலாடைக்காகவும், சிலிண்டர் ஹெட்டை அடியில் இழைத்துக் கம்ப்ரஷனை ஏற்றியதற்காகவும், புதுக் கேம் ஷாஃப்டுக்காகவும் சொந்த ஊரில் அரைக் காணி நிலம் கைமாறியதாகக் கேள்வி.

பிஸ்டனைச் சூடாக்கினால் அலுமினியம் சற்றே விரிந்து, பிஸ்டன் பின் விரலால் தள்ளினாலே உள்ளே போய்விடும் என்பது பௌதிக சாஸ்திரம். அதற்கு அகப்பட்ட பாத்திரம் இட்டிலிப் பானையாக இருந்தது அந்த வீட்டு அம்மாளின் தலைவிதி. தட்டிலே குழிக்கு ஒன்றாக நான்கு பிஸ்டன்கள் ஆவியில் வீற்றிருந்ததை நானே கண்டேன். மாமி நிலைப்படியில் நின்று, "சட்னி அரைக்கட்டுமா?" என்று கேட்டார். பெரியவர் காதில் விழவில்லை.

புது ரிங்குகள் சிலிண்டரோடு பழகுகிற வரையில் வண்டியை விரட்டலாகாது என்பதால், வேகத்துக்கென்றே மறுபிறவி எடுத்த அந்தக் கார், மூன்று மாதம் லஸ் சர்ச் ரோட்டிலே தேர் போல் அசைந்து சென்றது. சைக்கிள்காரர்கள் மணியடித்துவிட்டு முந்தினார்கள். கடைசியில் சித்திரை மாதத்து நண்பகல் ஒன்றில் பலத்தை அளக்கும் டைனோ உருளைகளின் மேல் ஏற்றிக் கட்டி, முழு ஆக்ஸிலரேட்டரில் அலறவிட்டுப் பார்த்தபோது, சக்கரத்தில் கிடைத்த கணக்கு 38 குதிரை.

"சார், 40 என்பது இஞ்சினில் அளந்தது, கியர் பெட்டியும் பின் ஆக்ஸிலும் தின்றது போக மிச்சம் இது. போதாததற்கு, இந்த உஷ்ணத்தில் காற்று லேசாகிப் பிராணவாயு குறைந்துவிடுகிறது. மார்கழியில் வாருங்கள், காட்டுகிறேன்" என்றார். அவ்வளவும் சத்தியம் என்பதுதான் இதில் பரிதாபம்.

அவர் வீட்டுப் பக்கம் போக நேருகிற வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. இஞ்சினின் சப்தத்தைப் புகழுங்கள். பெயிண்டைத் தடவிப் பாருங்கள். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுக்கிறது என்று மாத்திரம் வாய் தவறியும் கேட்டுவிடாதீர்கள். நான் கேட்டேன்; கூடம் வரையில் வந்த காபி சமையலறைக்கே திரும்பிப் போய்விட்டது.