படித்து என்ன கிழித்தாய்?

மகன் பி.ஏ. வரலாறுதான் எடுப்பேன் என்று அடம் பிடிக்கிறான். அசோகர் மரம் நட்டதைப் படித்தால் சோறு கிடைக்குமா?
*(ஓர் அப்பா, திருச்செங்கோடு)*

குரூப் ஒன் எழுதுகிறவர்களுக்கு அசோகர் இன்னமும் சோறு போட்டுக்கொண்டுதான் இருக்கிறார். அது கிடக்கட்டும். நம் தேசிய கீதம்தான் உலகிலேயே சிறந்தது என்று யுனெஸ்கோ அறிவித்துவிட்டதாகக் குடும்ப வாட்ஸாப் குழுவில் வருடாவருடம் ஒரு செய்தி வருமே, அதை உங்கள் பையன் இனி ஃபார்வர்டு செய்ய மாட்டான். எப்போது அறிவித்தார்கள், யார் எழுதியது, ஆதாரம் எங்கே என்று குடைவான். பெரியப்பாக்கள் கோபித்துக்கொள்வார்கள். சமாளியுங்கள்.

கல்வி வேலைக்காகவா, அறிவுக்காகவா?
*(பட்டிமன்ற ரசிகர், மதுரை)*

‘வேலைக்காக அல்ல’ என்று மேடையில் முழங்குகிறவர் யாரும் வேலையில்லாமல் இருந்து நான் பார்த்ததில்லை. நகையை அடகு வைத்துப் படிக்க வைத்த வீட்டில், முதல் பட்டதாரி சம்பளத்தைப் பற்றித்தான் முதலில் பேசுவார். பேசட்டும். சம்பளத்தோடு பேச்சு முடிந்துவிடுகிறதே, அதுதான் என் சண்டை.

சின்ன வயதிலேயே தொழிலைக் கற்றுக்கொடுத்துவிட்டால் வேலையில்லாத் திண்டாட்டமே இருக்காதே?
*(தொழிலதிபர், கோவை)*

1953-ல் ராஜாஜி இப்படி ஒரு திட்டம் கொண்டுவந்தார். கிராமத்துத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாதி நேரம் பள்ளி. மீதி நேரம் வீட்டில் குடும்பத் தொழில். இருக்கிற ஆசிரியரையும் கட்டடத்தையும் வைத்து இரண்டு மடங்கு பிள்ளைகளைப் படிக்க வைக்கலாம் என்பது கணக்கு. கணக்கு சரி. ஆனால் மத்தியானத்துக்கு மேல் கணக்குப்பிள்ளை மகன் ஏட்டுக்கும் சலவைக்காரர் மகன் வெள்ளாவிக்கும் போவான் என்பது ஊருக்கு உடனே புரிந்துவிட்டது. ‘குலக்கல்வி’ என்று பெயர் வைத்து எதிர்த்தார்கள். 1954-ல் காமராசர் முதல்வரானதும் திட்டம் மூட்டை கட்டப்பட்டது.

தொழில் படிப்பதில் குறைவொன்றும் இல்லை. நல்ல ஃபிட்டருக்கு விரல் நுனியில் இருக்கிற அறிவு பல எம்.பி.ஏ.க்களுக்கு மொத்தமாகவே கிடையாது. பத்து வயதுப் பையனுக்கு இன்ன வேலைதான் என்று அடுத்தவர் முடிவு கட்டுவதுதான் உதைக்கிறது. ஆமாம், உங்கள் பேரனுக்கும் லேத்துதானா?

ஏ.ஐ. வந்துவிட்டது. எதைப் படித்தால் வேலை போகாது?
*(இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு, சென்னை)*

‘டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணிட்டா போதும், பொழைச்சுக்கலாம்’ என்று ஒரு தலைமுறையையே ஏ-எஸ்-டி-எஃப் அடிக்க விட்டவர்களும் என்னைப் போன்ற ஆலோசகர்கள்தான். அதனால் வாயைத் திறப்பதாக இல்லை.

வேலைக்கு உதவாத படிப்பால் யாருக்காவது நன்மை உண்டா? ஓர் உதாரணம் காட்டுங்கள், பார்க்கலாம்.
*(சந்தேகப் பேர்வழி, புதுக்கோட்டை)*

புதுக்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு கேட்கிற கேள்வியா இது? 1991-ல் உங்கள் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்தது. அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். அ, ஆவோடு பெண்களுக்கு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். கல் குவாரியில் வேலை செய்தவர்கள், களையெடுக்கப் போனவர்கள் என்று ஆயிரக்கணக்கில் கற்றுக்கொண்டார்கள். கேலி பேசியவர்களுக்கும் பஞ்சமில்லை.

பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதைப் போய்ப் பார்த்து எழுதினார். லேடீஸ் சைக்கிளை விட ஜென்ட்ஸ் சைக்கிளைத்தான் பல பெண்கள் விரும்பினார்களாம். காரணம், முன்னால் இருக்கிற பார். அதில் பிள்ளையை உட்கார வைத்துக்கொள்ளலாம். சைக்கிள் ஓட்டத் தெரியும் என்பதற்காக அவர்களை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. பஸ்ஸுக்குக் காத்துக் கிடப்பதும், கொண்டுபோய் விடச் சொல்லி வீட்டு ஆம்பிளையைக் கெஞ்சுவதும் குறைந்தன. இதற்குச் சம்பள உயர்வு எவ்வளவு என்று எந்த அக்கவுண்டண்ட் சொல்வார்?

பள்ளிப் படிப்பை முடிக்காமலே பெரிய ஆள் ஆனவர்கள் இல்லையா?
*(ஃபெயிலான பையனின் மாமா, கோவில்பட்டி)*

உங்கள் பக்கத்து இடைசெவல்காரர், எழுத்தாளர் கி. ராஜநாராயணனே இருந்தாரே. பள்ளிப் படிப்பை முடிக்காதவரைப் புதுவைப் பல்கலைக்கழகம் பேராசிரியராகக் கூப்பிட்டுக்கொண்டது. ஆனால் அவர் தானாகப் படித்துத் தள்ளியவர். கரிசல் வட்டார வழக்குக்கு ஓர் அகராதியே தொகுத்தவர். மருமகப்பிள்ளை மாடியறையைச் சாத்திக்கொண்டு அகராதிதான் தொகுக்கிறார் என்று உறுதியாகத் தெரிந்தால், தாராளமாகப் பள்ளியை விட்டு நிறுத்துங்கள்.

கேம்பஸ் இண்டர்வியூவில் ‘உங்கள் பொழுதுபோக்கு என்ன?’ என்று கேட்கிறார்களாமே, என்ன சொல்லலாம்?
*(இறுதியாண்டு மாணவி, திருநெல்வேலி)*

‘வாசிப்பு’ என்று மட்டும் சொல்லிவைக்காதீர்கள். கடைசியாகப் படித்த புத்தகம் எது என்று அடுத்த கேள்வி வரும். கைடு கணக்கில் சேராது.