சி டிரைவில் இடமில்லை

சி டிரைவில் பத்து சதவீதத்துக்கும் கீழே இடம் குறைந்தால் அந்த நீலப் பட்டை சிவந்துவிடும். உடனே நம்மவர்கள் கை வைப்பது குடும்பப் படங்களில். கண் மூடியவர், தலை வெட்டுப்பட்டவர் என்று ஒவ்வொருவராகப் பார்த்து, மனசைக் கல்லாக்கிக்கொண்டு அழிப்பார்கள். பட்டை அசையாது. அழித்ததெல்லாம் ரீசைக்கிள் பின்னில் சவுகரியமாக உட்கார்ந்திருக்கும். அதைக் காலி செய்தால்தான் இடம் வரும்.

உண்மையான ஆக்கிரமிப்பாளர் விண்டோஸேதான். புதிய பதிப்புக்கு மாறினால் பழையது ‘விண்டோஸ்.ஓல்டு’ என்ற பெயரில் பல ஜிபியை வளைத்துக்கொண்டு 10 நாள் தங்கும். பிடிக்காவிட்டால் திரும்பிப் போகலாமாம். போனவரை நான் பார்த்ததில்லை. ‘ஹைபர்ஃபில்.சிஸ்’ என்று இன்னொருவர், ஹைபர்னேட் என்ற பேச்சே எடுக்காத வீட்டிலும் சில ஜிபியோடு குடியிருப்பார். போதாததற்கு 2019 முதல், புதுக் கம்ப்யூட்டர்களில் வரப்போகும் அப்டேட்டுக்காகச் சுமார் 7 ஜிபிக்கு முன்கூட்டியே துண்டு போட்டு வைக்கும் பழக்கமும் வந்துவிட்டது.

அதற்காக நாம் ஒன்றும் யோக்கியர் அல்ல. டவுன்லோட்ஸைத் திறந்து பாருங்கள். ஒரே ஆதார் பிடிஎஃப், பக்கத்தில் (1), (2), (3) என்று வாரிசு வரிசை. பாஸ்வேர்டு மறந்துபோகும், புதிதாக இறக்கினால் திறக்கும் என்று நம்பிக்கை. பெயரின் முதல் நான்கு எழுத்து ஆங்கிலப் பெரிய எழுத்தில், கூடவே பிறந்த வருடம். அவ்வளவுதான் ஐயா, எங்காவது எழுதி வையுங்கள்!